கதிர் போட்ட வளைவு

— ரோட்டுல காயுற சோளத்த அப்பறம் கிளறிக்கலாம், ராசாங்கண்ணே. நம்ம தெரு நல்லுசாமிக்கு வேலை போனதுக்கு நான்தான் காரணம்.

— என்ன உளர்றே, கமலா? வால்பாறையில என்கூட காவல் வேலை பார்த்தவன் அவன். பெரம்பலூர்ல இருக்கிற நீ என்ன பண்ணுவே?

— வண்டி அடிச்சு செத்துச்சே அந்தச் சிங்கவால் குரங்கு, அது வயித்துல என்ன இருந்துச்சு?

— மக்காச்சோளம். டூரிஸ்ட்டுக்குக் காட்டுறதுக்காக அவன்தான் அதப் போட்டு குரங்க ரோட்டுக்கு எறக்கிட்டான்னு ஆபீசர் வேலைய விட்டு அனுப்பிட்டாரு. விடு பாப்பா. லாரி வருது, ஓரமா வா.

— அடப் போண்ணே! அந்தக் காட்டுல சோளம் ஏது? அது நம்ம வயக்கதிரு. பொங்கலுக்கு உங்கிட்ட வந்தப்ப ஒரு பை கொண்டாந்தேன்ல? மூணு நாளும் விடியக்காலையில, நீங்க காவல் நிக்கிற ரோட்டு வளைவுல நான்தான் போட்டேன்.

— எத்தன தடவ சொன்னேன்? அந்தக் குரங்கு ஒலகத்துலயே நம்ம மேக்குத் தொடர்ச்சி மலையில மட்டுந்தான் இருக்கு. அது மரத்த விட்டு எறங்கக் கூடாதுன்னுதான் ரோட்டுக்கு மேல கயித்துப் பாலம். அதுக்குத்தான் நானும் அவனும் நாள்பூரா விசிலு ஊதி வண்டிய நிறுத்துறோம்.

— தெரியும்ணே. வயித்துல குட்டியக் கட்டிக்கிட்டு ஒண்ணு பார்த்துச்சு பாரு... நம்ம ஊரு குரங்கு மாதிரி புடுங்கக்கூட இல்ல. மனசு கேக்கல.

— அதுதான் செத்தது.

— ஐயோ! குட்டி?

— ஒரு நாள்தான் உசுரோட இருந்துச்சு.

— ஆபீசர் நம்பரக் குடு.

— வேணாம் பாப்பா.

— நல்லுசாமி பொண்டாட்டி தெனம் குழாயடியில எதிர்ல நிக்கிறா. குனிஞ்சுக்கிட்டே தண்ணி புடிக்கிறேன். குடுண்ணே.

— சொன்னா அதோட முடியாது.

— முடியாட்டிப் போவுது! கதிரு போட்டவ நான், ஒத்துக்கிறேன். அடிச்சவன் எவனோ ஒருத்தன், நிறுத்திக்கூடப் பார்க்காம போயிருக்கான். அவன நீ புடிச்சுக் குடு.

— கையில இருக்கிற போன உள்ள வை, கமலா.

— ஏண்ணே என் போனப் புடுங்குறே?

— நீ ஊருக்குக் கெளம்புன அன்னிக்கு, மொத பஸ்ஸு போயிடும்னு அவசரப்படுத்துனியே. ஒரே பனி. வளைவுல என் பைக்கு தூக்கிப் போட்டுச்சு. பின்னாடி உக்காந்துக்கிட்டு, என்னாண்ணே அதுன்னு கேட்டே...

— ஆமா. கல்லுன்னு சொன்னே.

— கல்லு இல்ல, பாப்பா.