ரெட்டியார்சத்திரத்து கமாரோ

நம் ஊர்க்காரர்கள் கையில் உப்புத்தாள் கிடைக்கக் கூடாது, சார். இரும்பில் எது கறுத்திருந்தாலும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். அதற்கென்றே வருடத்துக்கு ஒரு ஆயுத பூஜை வேறு. எங்கள் வீட்டில் அந்தப் பூஜை கிடையாது. பொரிகடலை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன்.

பழைய அமெரிக்க வேகக் கார்களைப் பார்த்து, அசலா போலியா, என்ன விலை பெறும் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். அமலன் கடிதம் கொடுத்தால்தான் கோயம்புத்தூர், பெங்களூர் பணக்காரர்கள் செக்கில் கையெழுத்துப் போடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். ஆனால் திண்டுக்கல்லில் இதைச் சொன்னால், "பழைய வண்டி புரோக்கரா?" என்று கேட்பார்கள். என் மனைவி ரீனாவே பக்கத்து வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். திருத்தித் திருத்தி எனக்கு வாய் வலித்துவிட்டது.

சாதாரண காரை வாங்கி, பெரிய எஞ்சினை மாட்டி, பானட்டில் இரண்டு பட்டைக் கோடு இழுத்து, ரேஸ் வண்டி என்று கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் பெயிண்டைப் பார்க்க மாட்டேன். எஞ்சினின் முன்பக்கம் ஓரமாக இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மேடை இருக்கும். தொழிற்சாலையில் எண் அடிப்பது அதில்தான். அடிப்பதற்கு முன் அந்த இடத்தை இழைப்பதால் சன்னமான நேர்க்கோடுகள் விழுந்திருக்கும். பழைய எண்ணைத் தேய்த்து அழித்துப் புதிதாக அடித்தால் கோடுகள் போய்விடும். கோடு இல்லையா, அசல் இல்லை. முதலில் என் கண் அங்கேதான் போகும்.

ரெட்டியார்சத்திரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பொன்னழகு அம்மாவின் கமாரோ காரையும் அப்படித்தான் பார்த்தேன். அறுபத்தொன்பதாம் வருடத்து வண்டி. கிணறு தோண்டும் திட்டத்துக்கு வந்திருந்த அமெரிக்க எஞ்சினியர் ஒருவர் ஊருக்குப் போகும்போது அந்த அம்மாவின் மாமனாரிடம் விற்றுவிட்டுப் போனாராம். ரேஸுக்கென்று செய்த ரகம் அது என்றால் ஒன்றரைக் கோடி. இல்லையென்றால் முப்பது லட்சம் தேறுவதே கஷ்டம். தோப்பில் பாதி மரம் பட்டுப்போய், இரண்டு போர்வெல் வறண்டு, அந்த அம்மா கடைசியாகக் கையை வைத்தது இந்த வண்டியில். கோயம்புத்தூர் ஆள் வாங்கத் தயாராக இருந்தார். என் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

மேடையில் கோடே இல்லை. கண்ணாடி மாதிரி வழவழப்பு. எண்கள் ஆழமில்லாமல் மங்கிக் கிடந்தன. போலி என்று எழுதிக் கொடுத்தேன். கோயம்புத்தூர்க்காரர் அன்றைக்கே விலகிவிட்டார்.

சுருளிவேல் அப்போதுதான் வந்தான். அந்த வண்டியை முப்பது வருடமாகப் பராமரித்த மெக்கானிக். "அண்ணே, அது நான் தேச்சதுண்ணே. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு எஞ்சின உப்புத்தாள் போட்டுத் தேச்சு, சந்தனம் வச்சுத்தான் கும்புடுவேன். எண்ணு பளிச்சுன்னு தெரியணும்னு அந்த எடத்த மட்டும் கூட நாலு தேய்ப்பு தேப்பேன். அதுக்குப் போயி போலின்னுட்டீங்களே" என்றான்.

முப்பது வருடம். ஒரு மனிதன் பக்தியோடு உட்கார்ந்து ஒன்றரைக் கோடியைத் தேய்த்திருக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது சொன்னாலும் உங்களுக்குப் புரியாது. ஆனால் அவன் வாய்ச்சொல்லை வைத்து நான் எப்படிக் கடிதத்தை மாற்ற முடியும்? முடியாது என்றேன். அவன் விடவில்லை. பட்டறை பட்டறையாகப் போய், "அமலன் அண்ணனுக்குக் கண்ணு போச்சு, தேச்சதுக்கும் திருடுனதுக்கும் வித்தியாசம் தெரியல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். எரியோட்டில் டீக்கடையில் ஒருவன் என்னைப் பார்த்து வெளிப்படையாகவே சிரித்தான். பெங்களூரிலிருந்து வர வேண்டிய இரண்டு வேலைகள் வரவில்லை. போன் போட்டால், பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் சுருளிவேல் கூப்பிட்டான். பெட்ரோல் டேங்கைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தபோது அதன் மேல்பக்கம் ஒரு தாள் ஒட்டிக்கொண்டிருந்ததாம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வண்டியைக் கட்டும்போது எந்த எஞ்சின், எந்த கியர் என்று தொழிற்சாலையில் எழுதி வைக்கும் தாள். சில வண்டிகளில் அதை அப்படியே உள்ளே விட்டுவிடுவார்கள். அதற்கு மேல் ஒரு சாட்சி கிடையாது. "நான் எடுக்கலண்ணே. எடுத்தா நானே கொண்டாந்து வச்சேம்பீங்க. நீங்களே வந்து பாருங்க" என்றான். நியாயமான பேச்சு. அவனிடம் நியாயம் எப்போதும் உண்டு.

தோப்பில் வேறு யாரும் இல்லை. பொன்னழகு அம்மா சந்தைக்குப் போயிருந்தார். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, அச்சுக்குக் கீழே இரண்டு பக்கமும் வேப்பங்கட்டை கொடுத்திருந்தான். எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம், குனிய முடியாது, நீயே உள்ளே போய்ப் படி என்றேன். படுத்து நகர்ந்து போனான். கட்டை வெளிச்சத்தை மறைக்கிறது, எடுக்கட்டுமா என்று கேட்டேன். "எடுத்துக்கங்கண்ணே, ஜாக்கு தாங்கும்" என்றான். எடுத்தேன். அது வெளிச்சத்துக்காக மட்டும்தான், சார்.

தாளைப் பிய்யாமல் பிரித்து, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். நான் என் நோட்டில் இருந்த எண்களோடு ஒப்பிட்டு டிக் அடித்துக்கொண்டே வந்தேன். சேஸிஸ் எண் சரி. எஞ்சின் குறி சரி. கியர் சரி. பின் அச்சு சரி. ஒரு இடத்தில் ஆறா எட்டா என்று சந்தேகம் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி படி என்றேன். படித்தான். எட்டுதான். கடைசி எண்ணும் பொருந்தியது.

தாளை வெளியே நீட்டச் சொன்னேன். நீட்டினான். "இப்பச் சொல்லுங்கண்ணே, ஒரிஜினலா இல்லையா?" என்று உள்ளேயிருந்து கேட்டான். குரலில் கேலி இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் ஜாக்கை இறக்கும் கைப்பிடியை இடது பக்கமாகத் திருகினேன். முழுதாக இரண்டு சுற்று. பிறகு ஆத்தூர் அணைப் பக்கம் போய், தாளைப் பொடிப்பொடியாகக் கிழித்துத் தண்ணீரில் விட்டேன். ஊறிக் கரையும் வரைக்கும் நின்று பார்த்தேன்.

நீங்கள் எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதினீர்கள்? ஜாக்கில் ஆயில் கசிந்து தானாக இறங்கியது. கட்டை கொடுக்காமல் உள்ளே போன மெக்கானிக்கின் கவனக்குறைவு. இரண்டும் தவறு. உங்களில் ஒருவர்கூட அந்த ஜாக்கைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஒரு சொட்டுக் கசிவு இல்லாத நல்ல ஜாக். சுருளிவேல் கவனமான ஆள். கட்டை கொடுத்திருந்தான். பார்க்காமல் எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆவதில்லை. அதனால்தான் நானாக நடந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று பொன்னழகு அம்மா வீட்டுக்கு வந்தார். சுருளிவேலின் மனைவி ஜக்கம்மாளும் கூட வந்திருந்தாள். வண்டியை விற்று அவளுக்குப் பாதி கொடுக்கப் போகிறாராம். "கடைசியா ஒரு தடவை மறுபடி பாத்துச் சொல்லுங்க சார், அவன் அம்புட்டு உறுதியாச் சொன்னானே" என்றார். ஜக்கம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபி கொடுத்து அனுப்பினேன்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சுருளிவேலைக் கொன்றது நான். எந்த இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த வண்டி போலிதான். அப்படி ஒரு தாள் இருந்தது என்பதற்கு இப்போது என்ன ஆதாரம் இருக்கிறது, சொல்லுங்கள். ஆதாரம் இல்லாத ஒன்றை நான் எப்படிக் கடிதத்தில் எழுத முடியும்?