துறைத்தலைவர் மூலமாக

இல்லீங்கண்ணா, கையெழுத்துப் போடற அய்யா சாப்பிடப் போயிருக்காரு. மூணு மணிக்கு மேலதானுங்க வருவாரு. உங்க மக வேலைக்குச் சேர்றப்பக் குடுத்த சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்து வெச்சாச்சு, இந்தக் கவர்லதான் இருக்குது. பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி, எம்மெஸ்ஸி, எல்லாம் ஒரிஜினலு. நானே ஒவ்வொண்ணாச் சரி பாத்துட்டனுங்க. நீங்க இப்படி ஃபேனுக்குக் கீழ வந்து உக்காருங்க. வெள்ளகோவில்ல இருந்து நின்னுக்கிட்டே வந்தேன்னீங்களே, இங்கயும் எதுக்கு நிக்கறீங்க.

துளசிமணி வரலீங்களா? வர மாட்டேன்னுட்டாளா. அது சரிதானுங்க. நானா இருந்தாலும் இந்தக் கேட்டுக்குள்ள மறுபடியும் காலெடுத்து வெக்க மாட்டேன்.

தெரியுமாவா? உங்க மகளை நல்லாத் தெரியுமுங்க. என்ற பேரு ராமாமணி. ஊட்டுக்குப் போயிச் சொல்லிப் பாருங்க, அவளுக்கும் ஞாபகம் இருக்கும். சொல்லாட்டியும் பரவாயில்லீங்க. மத்தியானம் லேப்ல இருந்து சோத்து டப்பாவத் தூக்கிக்கிட்டு இங்க வந்து, அந்த ஜன்னலோரம் உக்காந்துதான் சாப்பிடுவா. ஏன் அம்மணி, அவ்வளவு பெரிய லேப்ல உனக்கு உக்கார எடமில்லையான்னு ஒரு நாள் கேட்டேன். இங்கதானுங்கக்கா காத்து வருதுன்னா. இந்தப் பொந்துக்குள்ள காத்து எங்கீங்க வருது. நானும் கேட்டதோட உட்டுப்போட்டேன்.

இப்ப என்ன பண்றா? தறிக்கொட்டாயில நூல் தார் சுத்தறாளா. எம்மெஸ்ஸி படிச்சுப்போட்டு தாரா சுத்தறா. அடக் கெரகமே. காங்கேயத்துப் பள்ளிக்கூடத்துல கூப்புட்டிருக்கறாங்களா, அதுக்குத்தான் இந்தச் சர்ட்டிபிகேட்டா. நல்லதுங்க. போகச் சொல்லுங்க. கண்டிப்பாப் போகச் சொல்லுங்க.

என்னங்கண்ணா சொல்றீங்க. நீங்க சொல்றதில்லையா? ரெண்டு வருசமாவா பேசறதில்லை? ஒரே ஊட்டுக்குள்ள இருந்துக்கிட்டு? அவ சோத்தைப் போட்டு வெச்சுட்டு அக்கட்டால போயிருவா, நீங்க சாப்பிட்டுட்டு எந்திரிச்சுருவீங்க, அவ்வளவுதானா. எப்புடீங்க முடியுது உங்களுக்கு. இல்லீங்க, உங்களைக் குத்தம் சொல்லலை. எனக்குப் பொக்குனு ஆயிப்போச்சு, அதான் கேட்டுப்போட்டேன்.

அன்னைக்கு நீங்க வந்ததை நானும் பாத்தனுங்க. தொண்ணூத்தாறு மார்ச்சு மாசம். ஈஸ்வரமூர்த்தி சாரு உங்களுக்கு லெட்டர் போட்டு வரச் சொல்லியிருந்தாரு. துறைத்தலைவரே கூப்புடறாருன்னு நீங்களும் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வந்தீங்க. உங்க மகளோட நடத்தை சரியில்லை, பேரு கெடறதுக்கு முந்திக் கூட்டிட்டுப் போயிருங்க, நானும் பொட்டப்புள்ளையப் பெத்தவன்தான்னு சொன்னாருங்களா. காபி வாங்கிக் குடுத்தாராமே. அவரு கார்லயே பஸ்ஸ்டாண்டுக்கு அனுப்பி வெச்சாராமே. நீங்க அவரைக் கையெடுத்துக் கும்புட்டீங்கன்னு எங்க பியூன் ஐயாசாமி சொன்னான். எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலீங்க.

அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா? பஸ்ஸுல போறப்பவாவது? கேக்கலை. ம். யாருதான் கேட்டோம்.

அய்யா வரதுக்குள்ள ஒண்ணு சொல்றேன், சித்த நேரம் கேளுங்க. உங்க மக மேல ஒரு தப்பும் இல்லீங்க. சத்தியமா இல்லை. தப்பெல்லாம் அந்தாளு மேல. லேப்ல அவ வேலை டெம்பரவரிங்க. ஆறு மாசத்துக்கொருக்கா அவரு கையெழுத்துப் போட்டாத்தான் வேலை நீளும். அதை வெச்சுக்கிட்டு, அஞ்சு மணிக்கு மேல இருந்துட்டுப் போன்னு சொல்றது, ரெக்கார்டு ரூமுக்குள்ள வரச் சொல்லிக் கதவைச் சாத்தறது, முதுகுல கையப் போடறது. ஒரு நா அவ கையத் தட்டி உட்டிருக்கா. அதுல இருந்து அவரு பேச்சே மாறிப்போச்சு, கையெழுத்து வேணுமா வேண்டாமான்னு கேட்டிருக்காரு.

உங்ககிட்டச் சொல்லலியா. நீங்க பேசுனாத்தானுங்க சொல்லுவா.

அவ கம்முனு இருக்கலீங்க. அதைத்தான் நீங்க தெரிஞ்சுக்கோணும். ராத்திரியெல்லாம் அழுதுட்டுக் காலையில வேலைக்கு வர ஜாதியில்லை உங்க மக. பிப்ரவரி மாசம் நாலு பக்கம் எழுதுனா. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த ரூமு, அப்ப யாரு வெளிய நின்னாங்க, எல்லாம் வரிசையா. முத்து முத்தா எழுத்து. பதிவாளருக்குன்னு மேல போட்டு, கவர்ல ஒட்டி, நேரா தபால் பிரிவுல கொண்டாந்து குடுத்தா.

இந்த யுனிவர்சிட்டியில ஒரு வழக்கமுங்க. எந்த லெட்டரா இருந்தாலும் அவங்கவங்க துறைத்தலைவர் மூலமாத்தான் வரோணும். லீவு லெட்டர்ல இருந்து லோன் லெட்டர் வரைக்கும், அவரு பாத்து மேல அனுப்பறேன்னு ஒரு கையெழுத்துப் போட்டிருக்கோணும். அது இல்லாம வந்தாத் தபால் பிரிவுல சீல் குத்த மாட்டாங்க, நம்பர் போட மாட்டாங்க. ஓரத்துல துறைத்தலைவர் மூலமாக அனுப்பவும்னு எழுதி அந்தத் துறைக்கே திருப்பிப்போடுவாங்க.

ஆமாங்கண்ணா. அதேதான். நீங்க நெனைக்கறதுதான் நடந்துச்சு. அவரைப் பத்தி எழுதுன நாலு பக்கத்தையும் அவரு மேசைக்கே அனுப்பிப்போட்டாங்க. ஐயாசாமிதான் பையில போட்டுத் தூக்கிட்டுப் போனான், அவனுக்கு உள்ள என்ன இருக்குதுன்னு ஒண்ணும் தெரியாது. அடுத்த வாரமே உங்களுக்கு லெட்டர் வந்துச்சில்லீங்களா, நடத்தை சரியில்லைன்னு. அதுக்கப்பறம் அந்த நாலு பக்கம் என்னாச்சுன்னு யாருக்குந் தெரியலை. கிழிச்சுருப்பாரு.

தண்ணி குடிங்க. இந்தாங்க. வேட்டியில சிந்துனாப் பரவாயில்லீங்க, காஞ்சுரும்.

வாசல்ல புதுசா ஒரு போர்டு மாட்டியிருக்குதே, பாத்தீங்களா? சுப்ரீம் கோர்ட்டுல போன வருசம் சொல்லிப்போட்டாங்க, வேலை செய்யற எடத்துல பொம்பளைங்களுக்கு இப்படி நடந்தா விசாரிக்கறதுக்கு ஒரு கமிட்டி வெக்கோணும்னு. இங்க இந்த ஜூன் மாசம்தான் வெச்சாங்க. தலைவரா ஒரு பொம்பளை, வெளிய இருந்து ஒரு வக்கீலம்மா. அந்தச் சுற்றறிக்கையை டைப் அடிச்சது நாந்தானுங்க. புகாரை நேராக் கமிட்டிகிட்டயே குடுக்கலாம், துறைத்தலைவர் மூலமா வர வேண்டியதில்லைன்னு அதுல ஒரு வரி இருக்குது. அந்த வரி வரைக்கும் அடிச்சேன். அதுக்கு மேல கை ஓடலை, பக்கத்துச் சீட்டுப் புள்ளைகிட்டக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

இப்பக் குடுத்தாலும் எடுத்துக்குவாங்கன்னுதான் அந்த வக்கீலம்மா சொல்றாங்க. அந்தாளு இன்னும் அதே சீட்டுலதான இருக்காரு, அவருக்குக் கீழ இப்ப வேற ரெண்டு புள்ளைங்க. ஆனா முன்னாடியே எழுதிக் குடுத்தேன்னு துளசிமணி சொன்னா, எங்கன்னு கேப்பாங்க. பதிவேட்டுல இருக்காது. நம்பர் போடலையே. அப்படி ஒரு லெட்டர் வந்துச்சுன்னு சொல்றதுக்கு இந்த ஆபீசு முச்சூடும் ஒரே ஒரு ஆளுதான் இருக்குது. அந்த ஆளு வந்து சொல்லும். அதை நான் உங்களுக்கு உறுதியாச் சொல்றேன். ரிட்டையர் ஆக எட்டு மாசந்தான் இருக்குது, என்ன பண்ணுனாலும் பண்ணிக்கட்டும்.

தபால் பிரிவு எங்கன்னா கேக்கறீங்க? இதுதானுங்க. இந்த மேசைதான்.

ஆமாங்க. நாந்தான்.

உக்காருங்கண்ணா. கவரை வாங்காமப் போகாதீங்க, காங்கேயத்துல கேப்பாங்க. திட்டறதுன்னாத் திட்டிக்கோங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். ரெண்டு வருசமா யாராவது திட்ட மாட்டாங்களான்னுதான் இருக்கறேன்.

படிக்காம அனுப்பலீங்க. கவரைப் பிரிச்சுப் பாக்கறதுதான என்ற வேலையே. நாலு பக்கமும் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன்.

வழக்கம் வழக்கம்னு இத்தனை நேரம் சொன்னேன் பாருங்க, அது வெளியில சொல்லிக்கறதுக்குங்க. பதிவாளர் கையில நேராக் கொண்டு போயிக் குடுத்திருந்தா யாரு என்னைக் கேக்கப் போறாங்க. நாலு அடி நடந்தா அவரு ரூமு.

ஏன் குடுக்கலைன்னா கேக்கறீங்க. எழுவத்தாறுல நான் அந்தத் துறையிலதானுங்க டைப்பிஸ்டா இருந்தேன். அப்ப அவரு சின்ன வாத்தியாரு, புதுசா வந்திருந்தாரு. அதே ரெக்கார்டு ரூமுதான். எங்கூட்டுக்காரருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன். ஒன்னரை வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்து, முதுகு வலிக்குதுன்னு எழுதிக் குடுத்து, இந்தத் தபால் பிரிவுக்கு மாத்தல் வாங்கிக்கிட்டு வந்தேன். அதுலயும் அவரு கையெழுத்துதான் இருந்துச்சு.

துளசிமணி லெட்டரைப் படிக்கப் படிக்க எனக்குக் கோவமா வந்துச்சுங்கண்ணா. அவரு மேல இல்லை, உங்க மக மேல. நான் வாயத் தொறக்காமப் பொறுத்துக்கிட்டேன், நேத்து வந்த இவ மட்டும் எப்புடி இத்தனையும் எழுதறான்னு வந்துச்சு. அந்தக் கோவம் ஆறறதுக்குள்ள பேனாவ எடுத்து, ஓரத்துல துறைத்தலைவர் மூலமாக அனுப்பவும்னு எழுதிப்போட்டனுங்க.