பொயிலருக்கும் ராகுகாலம்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் இருந்தேன், சோம்பல். ஆனால் ஜெர்மனியில், கொலோன் ட்ராமில் தமிழ் கேட்பதே அபூர்வம். திங்கள் பின்னேரம் எனக்கு முன்னால் இருந்த நிறைமாதக் கர்ப்பிணி, பக்கத்திலிருந்த அக்காவிடம் சொல்கிறாள்:

"பொயிலர் கழட்ட வந்தவனுக்குப் பதினொரு வடை குடுத்தனான் அக்கா!"

"ஏனடி?"

"பிள்ளைக்கெண்டு வைச்ச சின்ன அறைக்குள்ளதானே வீடு சூடாக்கிற பொயிலர் நிண்டது. அதைச் சமைக்கிற குசினிக்கு மாத்த வேணும். அவன் சரியா ஏழரைக்கு வந்து நிக்கிறான். திங்கக்கிழமை ஏழரையில இருந்து ஒன்பது மட்டும் ராகுகாலம்!"

"பிறகு வரச் சொல்லியிருக்கலாமே?"

"இண்டைக்கு விட்டா ரெண்டு மாசம் செல்லுமாம். பிள்ளை அடுத்த கிழமை வரப்போகுது! இவர் வெருண்டுபோய் நிக்கிறார். நான் சட்டியை அடுப்பில வைச்சன். அவன் ஸ்பானரைத் தூக்கிற நேரமெல்லாம் கையில ஒரு வடை!"

"ஒன்பது மணி வரைக்குமோ?"

"ஒன்பது அடிச்சாப் பிறகுதான் தொட விட்டனான். இப்ப பொயிலர் குசினியில! இனிப் பிள்ளை எப்ப வந்தாலும் வரட்டும்!"

"அவன் கோவிக்கேல்லையோ?"

"கோவமோ? போகேக்க, கழட்ட வேற ஏதும் இருக்கோ எண்டு கேட்டவன்."

அறைக்கு வந்து கூட்டாளிக்குச் சொன்னேன். அவன் கேட்டான்:

"டேய், பொயிலர் கழட்டிற வேலை எங்கயடா பழக்கிறாங்கள்?"