அனுமந்தைக்கு மூன்றாம் முறை போன சென்ட்

எழுபத்தாறா எழுபத்தேழா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பங்குனி என்பது நிச்சயம். உப்பளங்களில் உப்பை வாரிக் குவித்திருந்தார்கள். மரக்காணத்திலிருந்து பாண்டி போகும் பஸ் முழுக்க ஒரே சென்ட் வாசனை. எனக்கு முன் சீட்டில், பெண் பார்க்கப் புறப்பட்ட மாப்பிள்ளையும், வழியில் பஸ் ஏறிய அவன் கூட்டாளியும்.

"டேய், இது துபாய் பாய் கொண்டாந்த சென்ட்டுதானே?"

"ஆமாண்டா. பொண்ணு பாக்கப் போறேன்னேன், குடுத்தாரு."

"நம்ம ஊர்ல பொண்ணு பாக்கப் போறவன் எல்லாம் அதைத்தான் பூசிக்கினு போறான். உனக்கு எந்த ஊட்டுப் பொண்ணு?"

"அனுமந்தை. கோயிலுக்குப் பின்னாடி ஊடு."

"ஐயோ! அந்த ஊட்டுக்கு இந்த வாசனை ரெண்டு வாட்டி போயிட்டு வந்துடுச்சுடா. ரெண்டு பேரும் பஜ்ஜியத் தின்னுட்டு, நகை பத்தலன்னு சொல்லிட்டானுங்க. உன்னை வாசல்லயே தொரத்துவாங்க."

"எனக்கு நகையே வேணாம்டா. திருவிழாவுலயே பாத்துட்டேன், அவதான் வேணும். இதுக்கு மீன் நாத்தமே தேவலாம்."

மாப்பிள்ளை எழுந்து பின் சீட்டுக்குப் போனான். அங்கே மீன் கூடையுடன் ஓர் அம்மாள் இருந்தார்.

"அக்கா, கொஞ்சம் நவுருங்க. கூடைகிட்ட உக்காந்துக்கறேன்."

அவர் முந்தானையால் கூடையை மூடினார்.

"அந்தாண்ட போப்பா. இந்த வாசனை ஏறிடுச்சுன்னா என் மீனை எவன் வாங்குவான்?"