சீலா மீனுக்கு வந்த ஆய்வு

முத்தையாபுரம் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருவர் சிறப்புப் பள்ளி டீச்சர், மற்றவர் அவருடைய தோழி.

“பதினெட்டு வயசுப் பிள்ளைக்குப் படப் புத்தகமான்னு ஆய்வுக்கு வந்த ஆபீசர் கேக்காருளா,” என்றார் டீச்சர்.

“நீ என்ன சொன்ன?”

“சொல்ல எங்க விட்டாரு? அந்தப் பிள்ளை ஜெசிந்தாகிட்ட ஒரு படத்தைக் காட்டி, ‘இது என்ன?’ன்னாரு. அவ ‘சீலா மீனு’ன்னா. அவ அம்மா மீன் விக்காங்க, தெரியாதா?”

“சரிதான?”

“படம் சீலாதான். கீழ ‘பாறை மீன்’னு தப்பா அச்சடிச்சிருக்கான். இவரு அதை வாசிச்சுட்டு, ‘தப்பு, பாறை மீன்’ன்னாரு. அவ விழுந்து விழுந்து சிரிச்சா. ‘மாணவிக்குப் படமும் புரியவில்லை’ன்னு நோட்டுல எழுதிட்டாரு.”

“அட கொடுமையே!”

“இரு, இன்னும் முடியல. கிளம்பும்போது, ‘வீட்டுக்கு நல்ல சீலாவா வாங்கணும் டீச்சர், மார்க்கெட்ல ஏமாத்திருவாங்க’ன்னாரு. எனக்கு நல்ல மீனாப் பார்த்து வாங்க எங்க தெரியும்? ஜெசிந்தாவைத்தான் கூட்டிட்டுப் போனோம். அவதான் செவுளைத் தூக்கிப் பார்த்து எடுத்துக் குடுத்தா.”

“பேசாம பாறை மீனைக் கட்டிக் குடுத்திருக்கணும்ளா.”

“ஏமாத்துத அளவுக்கு அவ படிக்கலளா.”