கடைசியில் நடப்பவன்

முட்டி வலி உள்ளவர்களோடு நடப்பது எனக்குப் பிடிக்கும், ஐயா. அவர்கள் அவசரப்பட மாட்டார்கள். ஒரு மேடு ஏறியதும் நின்றுவிடுவார்கள். வலிக்கிறது என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, திராட்சைக் கொடிகளை ரசிப்பது போலப் பாவனை செய்வார்கள். நானும் கூடவே நின்று ரசிப்பேன். அப்படி நின்றால்தான் பேச்சு வரும்.

நீங்கள் ரோக்காவர்னா காவல் நிலையத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் விருந்து நடையை ஒரு தரம்தான் பார்த்திருக்கிறீர்கள், அதுவும் இந்த முறை நடந்ததை. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் ஊராக ஆட்கள் வருவார்கள். கழுத்தில் துணிப்பை, அதற்குள் ஒரு கண்ணாடிக் கோப்பை. தோட்டங்களுக்கு நடுவே அங்கங்கே அடுப்பு போட்டிருப்போம். முதலில் பச்சைச் சட்னியில் ஊறிய நெத்திலி, ரொட்டி, வெள்ளை ஒயின். அப்புறம் அன்யொலொத்தி, கறி வைத்து மூடிய சின்ன மாவுக் கொழுக்கட்டை. அடுத்த குன்றில் பர்பேரா ஒயினில் வெந்த மாட்டிறைச்சி. கடைசியில் கோயில் சதுக்கத்தில் கேக்கும் மொஸ்காத்தோ என்ற இனிப்பு ஒயினும். சாப்பிடுவது, நடப்பது, செரித்ததும் மறுபடி சாப்பிடுவது. வேறு ஒன்றுமில்லை.

எல்லோருக்கும் கடைசியாக நடப்பது என் வேலை. தோளில் ஒரு துடைப்பம் இருக்கும். அது வந்துவிட்டால் பின்னால் யாரும் இல்லை, அடுப்பை அணைக்கலாம் என்று அர்த்தம். என் மனைவி இறந்த வருடம் விழாக் கமிட்டித் தலைவர் குவால்தியேரோ என்னைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறானே, நாலு பேரைப் பார்க்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் கடைசியில் நடப்பவனுக்கு நாலு பேரின் முதுகுதான் தெரியும்.

அன்யொலொத்தி அடுப்பில் தெர்சில்லா இருப்பாள். என் தலை தெரிந்ததும் குரல் கொடுப்பாள். "வந்துட்டாருடி நம்ம அண்ணன், அடுப்ப அணைங்க! அண்ணே, அடியில கொஞ்சம் ஒட்டியிருக்கு. சுரண்டித் தரவா?" அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. காலையிலிருந்து நிற்கிற கால்கள். அவள் சுரண்டித் தந்ததைத் தின்றுவிட்டு நடப்பேன். அப்படியே பல வருடம் போயிற்று.

பிறகு தெல்ஃபினா வந்தாள். தூரினில் பொத்தான் கடை வைத்திருந்தவள். கணவன் இல்லை, மகள் ஜெனோவாவில். முட்டி தேய்ந்துபோய் எல்லோருக்கும் பின்னால் தங்கிவிட்டாள். முதல் மேட்டிலேயே என்னைத் திரும்பிப் பார்த்து, "பெருக்கித் தள்ளப் போறீங்களா, இல்ல கை குடுக்கப் போறீங்களா?" என்றாள். நான் கை கொடுத்தேன். அடுத்த வருடமும் வந்தாள், அதற்கடுத்த வருடமும் வந்தாள். அவளே கடைசி ஆள், அவளுக்குப் பின்னால் நான்.

தெர்சில்லா எங்களுக்காக இரண்டு தட்டு எடுத்து மூடி வைக்க ஆரம்பித்தாள். "சூடா இருக்குண்ணே, வெண்ணெய் மிதக்குது பாருங்க" என்பாள், மிதக்கும். அவள் வாய் சும்மா இருக்காது. "அவங்களுக்கு முட்டி வலி, சரி. உங்களுக்கு என்ன, நெஞ்சு வலியா?" என்பாள். தெல்ஃபினா சிரிக்காமல் பதில் சொல்வாள். "ரெண்டு பேருக்கும் வயசு வலிதான். நீ தட்டுல போடும்மா."

இறக்கத்தில் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். கெட்டியாகப் பிடிப்பாள், பயம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை ஐயா, அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மிச்ச நாட்களை ஓட்டினேன். குளிர்காலத்தில் கொடி கவாத்து செய்யும்போது அவளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். அவள் மெதுவாக நடப்பது எனக்காகவும்தான் என்று ஒரு நினைப்பு.

ஆகஸ்டில் போன் செய்தாள். "செகோந்தோ, முட்டிய மாத்திட்டாங்க! புதுசு. டாக்டரே கை தட்டினாரு, பாத்துக்கோங்க. இந்த வருஷம் என்னைய முன்னாடி தேடுங்க." நல்லதாகப் போயிற்று என்றேன். போனை வைத்துவிட்டு நெடுநேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவருக்கு வலி போய்விட்டது என்று கேட்டு இன்னொருவர் அழலாமா? நான் அழுதேன்.

சொன்னபடியே செய்தாள். நடை தொடங்கியதும் முதல் கூட்டத்தோடு கிளம்பி, தூரத்திலிருந்து கையை ஆட்டிவிட்டுப் போனாள். எனக்குக் கடைசி ஆட்களாக வாய்த்தவர்கள் மிலானிலிருந்து வந்த ஒரு இளம் ஜோடி. வழியெல்லாம் சண்டை. நான் நின்றால் அந்தப் பையன் திரும்பி, "பெரியவரே, எங்களுக்காக நிக்காதீங்க, வழி போன்லயே இருக்கு" என்றான். தெர்சில்லாவிடம் போனபோது தட்டு எதுவும் மூடி வைத்திருக்கவில்லை. "உங்க ஆளு எப்பவோ பறந்துட்டாங்கண்ணே. யாரோ தூரின்காரரோட பாட்டு என்ன, கூத்து என்ன! நீங்க ஏன் இப்படி நிக்கிறீங்க? இருங்க, சுரண்டித் தரேன்."

இனி நிலவறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்து சாறு தொட்டியில் புளித்துப் பொங்குகிற நாட்களில் கரியமில வாயு கிளம்பும். அதற்கு நிறமில்லை. கனமானது, தண்ணீர் போலக் கீழே தேங்கும். அதனால் தெரு மட்டத்தில் இருக்கிற சின்ன ஜன்னலை இராப்பகலாகத் திறந்து வைப்போம். அப்படியும் மெழுகுவர்த்தி ஏற்றி, முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டுதான் இறங்குவோம். சுடர் அணைந்தால் அந்தப் படியிலேயே திரும்பிவிட வேண்டும். எங்கள் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். தூரினில் பொத்தான் விற்றவளுக்குத் தெரியாது.

சாரல் அடித்ததால் ஜன்னலை மூடினேன் என்று உங்களிடம் முன்பு சொன்னேன். சனிக்கிழமை சாரல் அடித்தது உண்மை, அன்றிரவே மூடியதும் உண்மை. அதற்காக மூடவில்லை.

சதுக்கத்தில் அவளைப் பார்த்தேன். கேக் தின்றுகொண்டு, பஸ்ஸுக்காகக் காத்திருந்தாள். முகம் சிவந்து, சின்னப் பெண் மாதிரி இருந்தாள். "பாத்தீங்களா, இனி உங்களுக்குப் பாரமே இல்ல" என்றாள். பாரம் என்ற சொல்லை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. வீடு பக்கத்துச் சந்துதான், புதுச் சாறு ஒரு வாய் குடித்துவிட்டுப் போகலாம், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். இரக்கப்பட்டாள் என்று நினைக்கிறேன். "சரி வாங்க, ஒரே வாய்" என்று முன்னால் நடந்தாள். என் வீட்டு வாசலுக்கு என்னை முந்திக்கொண்டு போய் நின்றாள்.

நிலவறைக் கதவைத் திறந்து அவளிடம் டார்ச்சைக் கொடுத்தேன். ஆணியில் தொங்கிய மெழுகுவர்த்தி விளக்கைப் பார்த்து, "இது எதுக்கு?" என்றாள். கரண்ட் இல்லாத காலத்துச் சாமான் என்றேன். குழாய் தொட்டியின் அடியில், தரையை ஒட்டி இருக்கிறது, நன்றாகக் குனிந்து திறக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவள் கழுத்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை.

அவளைக் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. தலை கொஞ்சம் சுற்ற வேண்டும், கால் துவள வேண்டும், அவ்வளவுதான். நான் தாங்கி மேலே கொண்டுவருவேன். பஸ் போய்விடும். ஒரு வாரம் ஓய்வெடுக்கச் சொல்வார்கள். என் மனைவியின் அறை காலியாகத்தான் இருக்கிறது. புது முட்டியின் மேல் வைத்த நம்பிக்கையும் கொஞ்சம் குறையும். நியாயமான கணக்கு என்றுதான் அப்போது பட்டது.

கோப்பை விழுந்து உடைந்தது கேட்டது. பிறகு "செகோந்தோ" என்று கூப்பிட்டாள். சத்தமாக இல்லை. இறக்கத்தில் கை கேட்கும்போது கூப்பிடுகிற அதே குரல். போன வருடத்துக்குப் பிறகு அந்தக் குரலை அன்றுதான் கேட்டேன். இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று நின்றேன். கூப்பிட்டாள். கேட்பதற்கு நன்றாக இருந்தது, ஐயா. அடுத்த தரம் கூப்பிட்டதும் இறங்கிவிடலாம் என்றிருந்தேன். அவள் கூப்பிடவில்லை.

பிறகு மெழுகுவர்த்தியை ஏற்றி, முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் அணைந்தது. அணைந்தால் திரும்ப வேண்டும், திரும்பினேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடித் தூக்கியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். தூக்கியிருக்கலாம். ஜன்னலையாவது திறந்திருக்கலாம், தெருவில் கத்தியிருக்கலாம். தோன்றவில்லை என்று சொன்னால் பொய். எல்லாம் தோன்றியது. ஆனால் தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மேலே வந்தால் அவள் அதில் ஏறிப் போய்விடுவாள். அது போகிற சத்தம் கேட்ட பிறகுதான் குவால்தியேரோவைக் கூப்பிட்டேன்.

ஊர் முழுக்க என் வீட்டுக்கு வந்தது. தெர்சில்லா அழுதுகொண்டே சூப் கொண்டுவந்தாள். "உங்க மேல என்னண்ணே தப்பு? வெளியூர்க்காரங்க, விளக்கு இல்லாம இறங்கிட்டாங்க. மனச விட்டுடாதீங்க." சில நாள் சமையலறையில் உட்கார நாற்காலி போதவில்லை. இப்போது கூட்டம் குறைந்துவிட்டது. இந்த வாரம் யாரும் வரவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையை யாராவது சொல்லத்தானே வேண்டும்.

ஜன்னலை மூடியது நான். விளக்கைக் கொடுக்காமல் இறக்கியது நான். கூப்பிட்டபோது போகாதவனும் நான்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளைத் தனியாக விட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. கடைசி மூச்சு வரைக்கும் நான் வாசலிலேயேதான் நின்றேன்.