அக்கா வரைந்த மூன்றாவது கட்டம்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, அவருக்கு இருபுறமும் அமர்ந்திருக்கும் நிர்வாகக் குழுவினரே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அக்காவின் கணவர் அவர்களே, சக்கர நாற்காலிகளுக்கு வழிவிட்டுச் சுவரோரம் நெருக்கியடித்து நிற்கும் அம்மாக்களே, அப்பாக்களே, என்னோடு வேலை பார்க்கும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். அழைப்பு இல்லாமலேயே வந்திருக்கும் முப்பத்தொரு குடும்பங்களுக்குத் தனியாக இன்னொரு வணக்கம். வாசலில் உங்களை நிறுத்தி, நீங்கள் யார் என்று கேட்டார்களாம். நீங்கள் யார் என்பதைச் சொல்லத்தான் நான் எழுந்திருக்கிறேன்.

அக்காவின் இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்குக் கொடுக்கப்பட்டிருப்பது ஐந்து நிமிடம். கூடவே அலுவலகத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டும் வந்தது. அக்காவின் பொறுமையைப் பற்றிப் பேசலாம், புன்னகையைப் பற்றிப் பேசலாம், பிற விஷயங்கள் வேண்டாம் என்று அதில் இருக்கிறது. நான் அவரோடு இருபத்திரண்டு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்த பிசியோதெரபிஸ்ட். அவர் புன்னகைத்து நான் மொத்தமாக ஒன்பது முறை பார்த்திருப்பேன். ஆகவே புன்னகை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் பிற விஷயங்களுக்குத்தான்.

யார் எங்கள் அக்கா? உடம்பு சொன்னபடி கேட்காத குழந்தைகளுக்குச் சட்டைப் பொத்தான் போடவும், செருப்பு மாட்டவும், ஸ்பூன் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தவர். நல்லவர் என்று சொல்ல மாட்டேன், நல்லவர் என்ற சொல் அவருக்குப் பத்தாது. அடுத்தவர் டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்துத் தின்பார். ஜெராக்ஸ் மெஷினைத் திட்டுவார். என் மேல் கோபம் வந்தால் வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஆனால் ஒரு குழந்தையின் முன்னால் உட்கார்ந்துவிட்டால், தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்வார். மனதுக்குள் பத்து எண்ணுவார். பத்து முடியும்வரை குழந்தையைத் தொட மாட்டார். அதனால்தான் இந்த மையத்தில் அவருக்குப் பத்தக்கா என்று பேர்.

எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், அந்தப் பத்து எவ்வளவு நீளம் என்று. குழந்தை தடுமாறும்போது நம் கை தானாகப் போய்விடும். நாம் அனுப்பவே வேண்டாம், அதுவே போகும். ஒரு தகப்பனார் கண்ணாடி ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு, அந்தம்மா சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று அலுவலகத்தில் புகார் கொடுத்தார். பதினோரு வாரம் கழித்து அவருடைய மகன் தானே ஒரு ஷூவை மாட்டினான், இடது காலுக்குரியதை வலது காலில். நான் சரிசெய்யக் குனிந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்தத் தகப்பனார், கால் மாறிப் போட்ட ஷூவோடு மகனைத் தெருமுழுக்க நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். எதிரே வந்தவர்கள் சொல்லச் சொல்ல, தெரியும் தெரியும் என்று தலையை ஆட்டிக்கொண்டே போனார். அந்த ஒன்பது புன்னகையில் அது ஒன்று.

இப்போது பிற விஷயங்கள்.

எங்கள் மதிப்பீட்டுத் தாளில் ஒவ்வொரு செயலுக்கும் எதிரே மூன்று கட்டங்கள் இருந்தன. முடியும், உதவியுடன் முடியும், முடியாது. எங்கள் குழந்தைகளில் முக்கால்வாசிப் பேர் வாழ்வது அந்த நடுக்கட்டத்தில்தான். முடியும் என்று வந்துவிட்டால் குழந்தைக்கு இனி சிகிச்சை தேவையில்லை என்று அனுப்பிவிடலாம். அதற்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நம் இயக்குநர் வந்தார். வெளியே நீளமான காத்திருப்போர் பட்டியல் இருந்தது, உண்மைதான். காத்திருந்தவர்களும் குழந்தைகள்தான், அதை நான் மறுக்கவில்லை. அவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "அந்த நடுக்கட்டம் இருக்கறதாலதான் இங்கேருந்து யாருமே வெளிய போக மாட்டேங்கறாங்க." அடுத்த மாதம் புதிய தாள் அச்சாகி வந்தது. அதில் இரண்டே கட்டங்கள். முடியும், முடியாது.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? ஸ்கேலை வைத்து, பேனாவால், ஒவ்வொரு தாளிலும், ஒவ்வொரு வரியிலும் மூன்றாவது கட்டத்தைத் தன் கையால் போட்டார். அதில் டிக் அடித்தார். ஒரு குழந்தைக்கு நாற்பத்தாறு வரி. அலுவலகம் அந்தத் தாள்களைத் திருப்பி அனுப்பியது. மறுபடி போட்டார். இயக்குநர் கூப்பிட்டு, நீங்கள் பொறுமையாக இருக்கிறீர்கள், பட்டியல் பொறுமையாக இல்லை என்றார். அதற்கு அக்கா சொன்ன பதில் எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். "உள்ள இருக்கறவங்கள தள்ளி விட்டுட்டு வெளிய இருக்கறவங்கள கூப்பிடறதுக்குப் பேரு வரிசை இல்ல சார்."

நான் என்ன சொன்னேன்? நான் ஒன்றும் சொல்லவில்லை. சற்று முன் நாம் எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். எனக்கு அது பழக்கம். நான் இரண்டு வருடம் அப்படி நின்றவன்.

வாயாடி என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணை இங்கே பலருக்குத் தெரியும். அப்போது அவளுக்கு ஏழு வயது. வாய் பேச வராது, ஆனால் கண்ணாலேயே அத்தனை வம்பும் பேசுவாள், அதனால் அந்தப் பேர். மசித்த வாழைப்பழத்தைக் கிண்ணத்திலிருந்து ஸ்பூனில் எடுத்து வாய்வரை கொண்டுபோக அக்கா அவளைப் பழக்கிக்கொண்டிருந்தார். மதிப்பீடு செய்தவன் நான். ஸ்பூன் கிளம்பியது, மேலே வந்தது, வாய்க்குள் போனது. முடியும் என்று டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மூலையில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து என் பக்கத்தில் வந்து, மெதுவான குரலில், "உன் கட்டை விரல் எங்க இருந்துச்சுன்னு பாத்தியா?" என்று கேட்டார்.

என் கட்டை விரல் அவள் முழங்கைக்கு அடியில் இருந்திருக்கிறது. அது போனதே எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இருபது வருடப் பழக்கம், தானாகப் போயிருக்கிறது. அந்த மட்டுக்கும் அது வெறும் தவறுதான். ஆனால் தெரிந்த பிறகு? தெரிந்த பிறகு அந்தத் தாளை நான் கிழித்திருக்க வேண்டாமா? கிழிக்கவில்லை. ஒரு விரல்தானே அக்கா என்று சிரித்தேன். இரண்டாவது கையெழுத்தைப் போட அக்கா மறுத்தார். இயக்குநரே போட்டார். அந்த ஒரு தாளை மாதிரியாக வைத்துக்கொண்டு, இவளால் முடியும் என்றால் யாரால் முடியாது என்று, ஒரே வருடத்தில் முப்பத்தொரு குழந்தைகளை வெளியே அனுப்பினோம். அதில் பத்தொன்பது தாள்களில் என் கையெழுத்து இருக்கிறது. மீதிப் பன்னிரண்டைப் போட்டவர்கள் புதிதாக வேலைக்கு வந்த இரண்டு பிள்ளைகள், அவர்களைப் போடச் சொன்னவனும் நான்தான். இதற்கிடையில் என்னைத் துறைத் தலைவர் ஆக்கினார்கள். சுழலும் நாற்காலி கொடுத்தார்கள். நன்றாகவே சுழன்றேன்.

காத்திருப்போர் பட்டியல் இல்லாத மையம் என்று நமக்குக் கேடயம் கிடைத்தது. இதோ, இயக்குநரின் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறது. நிமிர்ந்து பாருங்கள்.

வாயாடிக்கு என்ன ஆனது? தானே சாப்பிடுவாள் என்று எழுதிக் கொடுத்தோம். அம்மா வேலைக்குப் போகும் பகலில் அவளைப் பார்த்துக்கொண்ட பெரியம்மா வீட்டில் அதை நம்பினார்கள். கிண்ணத்தை முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் தன்னால் ஆனமட்டும் முயன்றிருக்கிறாள். சாப்பாடு நுரையீரலுக்குள் போய், ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்துவிட்டாள். இன்று அவளுக்கு வயிற்றில் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. சலவைக் கடையில் இஸ்திரி போடும் அவளுடைய அம்மா இதோ நிற்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "நீங்க படிச்சவங்க. முடியும்னு எழுதினீங்க. அப்ப எம்பொண்ணு வேணும்னேவா சாப்பிடாம இருந்தா?"

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதே வாரம் அக்காவைச் சிகிச்சை அறையிலிருந்து எடுத்துப் பொருள் கிடங்கில் போட்டார்கள். பந்து எத்தனை, பாய் எத்தனை என்று எண்ணும் வேலை. அந்தக் கிடங்கில், முதுகை நிமிர்த்தி உட்காரவைக்கும் குழந்தை நாற்காலிகள் நான்கு சும்மா கிடந்தன. வாயாடிக்கு ஒன்று கேட்டார். வெளியே அனுப்பப்பட்ட குழந்தைக்கு உபகரணம் கிடையாது என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் இப்போதுதான், எனக்கு முன்னால், இருபது நிமிடம், அக்காவின் அர்ப்பணிப்பைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தேன். என் காது கூசியது.

முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர் தச்சர். அவரே அளவெடுத்து ஒரு நாற்காலி செய்தார். வாயாடியின் வீடு ஐந்தாவது மாடி, லிப்ட் ஓடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அந்தப் படிகளில்தான் ஏறிக்கொண்டிருந்தார், ஒரு வருடத்துக்கு மேலாக. போன ஞாயிறு காலை, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தனியாக ஏறினார். கணவர் வரும்வரை காத்திருக்கவில்லை. எல்லாக் குழந்தைக்கும் பத்து எண்ணுகிறவர் தனக்கென்று ஒன்றுகூட எண்ணவில்லை. மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நாற்காலியைச் சுவரோரம் சாயாமல் வைத்துவிட்டு, பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். இதயம் நின்றுவிட்டது. நாற்காலி மேலே போய்ச் சேர்ந்தது. அக்கா போகவில்லை.

மறுநாள் அவருடைய கணவர் ஒரு பழைய ஃபைலை என் கையில் கொடுத்தார். அலுவலகம் திருப்பி அனுப்பிய தாள்கள். முப்பத்தொரு குழந்தைகள், ஒவ்வொருவருக்கும் நாற்பத்தாறு வரி, ஸ்கேலால் போட்ட கட்டம், தேதி, அக்காவின் கையெழுத்து. ஒன்றையும் எறியாமல் வைத்திருக்கிறார். நான் அழுதேன். தச்சர் அழவில்லை. "அழுவறது அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. கோவப்படறதா இருந்தா ஒழுங்கா கோவப்படுங்க" என்றார்.

ஒழுங்காகக் கோபப்பட்டிருக்கிறேன் அண்ணா.

பெரியோர்களே, இரங்கல் கூட்டத்தில் மறப்போம், மன்னிப்போம் என்று பேசுவது வழக்கம். நான் மறக்கப் போவதில்லை. மன்னிக்கிற உரிமை எனக்கு இல்லை, இருந்தாலும் பயன்படுத்த மாட்டேன். நான் இங்கே பழிவாங்க வந்திருக்கிறேன். பயப்படாதீர்கள், கை ஓங்க மாட்டேன், கல் எறிய மாட்டேன். அதெல்லாம் ஒரு நாளில் ஆறிவிடும். எனக்கு ஆறக் கூடாது.

இன்று காலை, சிகிச்சையாளர்களுக்கு உரிமம் கொடுக்கும் மன்றத்தில் அந்த முப்பத்தொரு தாள்களையும் கொடுத்துவிட்டேன். அவற்றுக்குப் பதிலாக நாம் தயாரித்த முப்பத்தொரு தாள்களின் நகலையும் பக்கத்திலேயே வைத்தேன். கூடவே ஒரு வாக்குமூலம். அதில் முதல் குற்றவாளி நான். பொய்யென்று தெரிந்தே எழுதினேன், எழுதவும் வைத்தேன் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இரண்டாவது பெயர் யாருடையது என்று நான் சொல்ல வேண்டாம், அவர் இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். குடியுங்கள் ஐயா, அவசரமில்லை. புதிய பிள்ளைகள் இரண்டு பேரும் பயப்பட வேண்டாம், உங்கள் பங்கையும் என் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

சிகிச்சை அறைக்கு அக்காவின் பெயரை வைத்துப் படமும் மாட்டப்போவதாக இயக்குநர் அறிவித்தார். வேண்டாம். எந்த அறையிலிருந்து அவரை வெளியே அனுப்பினோமோ அந்த அறைச் சுவரில் அவரைத் தொங்கவிட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? ஆணி அடித்தால் நானே பிடுங்குவேன்.

அக்காவின் வேலையை யார் தொடர்வது? உரிமம் போனபின் நான் எந்தக் குழந்தையையும் தொட முடியாது. அது எனக்குத் தெரிந்துதான் எழுதினேன். வேறு எந்த வேலையும் நான் கற்றதில்லை. ஆனால் சுவரோரம் நிற்கும் எட்டு இளம் சிகிச்சையாளர்கள் முப்பத்தொரு குடும்பங்களையும் நேற்றே பங்கு போட்டுக்கொண்டார்கள். மன்றம் தீர்ப்பு சொல்லும்வரை வீடு தேடி வருவார்கள். வாயாடியின் ஐந்தாவது மாடிக்குப் போட்டி இருந்தது, குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்தோம்.

இயக்குநர் எழுந்து நிற்கிறார். போங்கள், வழி விடுங்கள் அவருக்கு. ஆனால் மன்றம் இன்றே தேதி கொடுத்துவிட்டது, பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. அங்கே நம் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பொய்யாக எழுதியது யார் என்று கேட்பார்கள். நான் என்று சொல்வேன். எழுதச் சொன்னது யார் என்று கேட்பார்கள். உங்களைக் காட்டுவேன். அதோடு என் வேலை முடிந்தது, உங்கள் வேலையும் முடிந்தது. நீங்களும் நானும் அந்த வாசல் வழியாக வெளியே போவோம். அந்த முப்பத்தொரு பேரும் உள்ளே வருவார்கள்.